டியாகோ கார்சியா: அகதிச் சட்டம் எட்டாத தீவில் மூன்று ஆண்டுகள்

தென்னிந்தியக் கரையிலிருந்து கனடாவை நோக்கிக் கிளம்பிய ஒரு மீன்பிடிப் படகு நடுக்கடலில் ஆபத்தில் சிக்கியது. 2021 அக்டோபர் 3 அன்று பிரிட்டிஷ் தரப்பு அதை இந்தியப் பெருங்கடலில் உள்ள டியாகோ கார்சியா தீவுக்கு அழைத்துவந்து சேர்த்தது. படகில் இருந்த 89 பேரும் இலங்கைத் தமிழர்கள். அவர்களில் 20 பேர் குழந்தைகள்.

மீன்பிடிப் படகில் கனடாவா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் 2009இல் 'ஓஷன் லேடி' கப்பலில் 76 பேரும், 2010இல் 'சன் சீ' கப்பலில் 492 பேரும் பசிபிக்கைக் கடந்து பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் இறங்கியிருக்கிறார்கள். ஏஜெண்டுகள் சொல்கிற கதைக்கு அந்த இரண்டு பயணங்களே போதும். 2021 படகில் சிலர் இலங்கையில் சித்திரவதை அனுபவித்ததாகச் சொன்னவர்கள். சிலர் இந்தியாவில் அகதிகளாக வாழ்ந்துவந்தவர்கள். இந்தியாவும் இலங்கையும் 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடுகள். தமிழ்நாட்டு முகாம்களில் மட்டும் ஏறக்குறைய 58,000 பேர் இருக்கிறார்கள். 2021இல் அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது, குடியுரிமை வரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. ஆக, முகாமில் பிறந்து வளர்ந்த ஒருவர் கடலைப் பார்த்து யோசிப்பதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் நடந்தது. இறங்கிய சில வாரங்களிலேயே அவர்கள் தீவில் இருந்த பிரிட்டிஷ் படைத் தளபதியிடம், பாதுகாப்பான நாட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள். டியாகோ கார்சியா அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியின் வரலாற்றில் யாரும் புகலிடம் கேட்டது அதுவே முதல் தடவை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவர்களில் பெரும்பாலோர் தீவை விட்டு வெளியேறினார்கள். ஆனால் அகதிகளுக்காகவே உலகம் எழுதிவைத்த சட்டம் அந்த விடுதலையில் ஏறக்குறைய எந்த வேலையும் செய்யவில்லை.

ஆளில்லாத தீவு என்ற கதை

டியாகோ கார்சியா சாகோஸ் தீவுக்கூட்டத்தில் பெரியது; நிலப்பரப்பு 30 சதுர கிலோமீட்டர்கூட இருக்காது. மொரீஷியஸ் 1968இல் சுதந்திரம் பெறுவதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1965 நவம்பரில், பிரிட்டன் இந்தத் தீவுகளை அதிலிருந்து பிரித்தெடுத்து 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி' என்று புதிதாக ஒன்றை உருவாக்கியது. மொரீஷியஸுக்குக் கொடுத்த தொகை 30 லட்சம் பவுண்டு. 1966இல் அமெரிக்காவோடு ஒப்பந்தமாயிற்று, அமெரிக்க ராணுவத் தளம் வந்தது. 1968 முதல் 1973 வரை அங்கே தலைமுறைகளாக வாழ்ந்துவந்த சாகோஸ் மக்களை மொரீஷியஸுக்கும் சீஷெல்ஸுக்கும் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். 2004ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஆணை, இந்த ஆட்சிப்பகுதியில் யாருக்கும் குடியிருக்கும் உரிமை கிடையாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

இந்தப் பின்னணி இல்லாமல் படகின் கதை புரியாது. நிரந்தரக் குடிகள் இல்லை, அதனால் குடிகளுக்கான சட்டங்களும் தேவையில்லை என்பதுதான் லண்டனின் வாதம். ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கை அங்கே நீட்டிக்கப்படவில்லை. அகதிகள் உடன்படிக்கையும் பொருந்தாது என்றார்கள். ராணுவம் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது என்ற நோக்கத்தோடு ஆட்களை அகற்றிய இடத்தில், சொல்லாமல் கொள்ளாமல் 89 பேர் வந்து இறங்கினால் என்ன செய்வது என்பதற்கு எந்தக் கோப்பிலும் பதில் இல்லை.

மொரீஷியஸ் தன் வழக்கை விடவில்லை. தீவுகளைப் பிரித்தெடுத்தது சட்டப்படி நடக்கவில்லை, பிரிட்டன் தன் நிர்வாகத்தைக் கூடிய விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் பன்னாட்டு நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கியது. அதே ஆண்டு மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம், எதிராக வெறும் 6. படகு வந்தபோது தீவு யாருடையது என்பதே உலக அரங்கில் விவாதத்தில் இருந்தது. படகில் வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கடைசியில் அவர்களுக்கு உதவியதில் இந்தத் தகராறுக்கும் பங்கு உண்டு.

40ஆம் பிரிவு

அகதிச் சட்டம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் பிரிவைச் சொல்வார்கள்: உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. 40ஆம் பிரிவை யாரும் சொல்வதில்லை. பார்த்தால் சின்ன நடைமுறை விஷயம் மாதிரி இருக்கும். எந்த ஆட்சிப்பகுதிகளின் வெளிநாட்டு உறவுகளுக்குத் தான் பொறுப்போ அவற்றுக்கு உடன்படிக்கையை நீட்டிப்பதா வேண்டாமா என்று ஒரு நாடு அறிவிக்கலாம் என்கிறது அது. 1951 என்பது காலனிகள் இருந்த காலம். காலனி வைத்திருந்த நாடுகள் தங்களுக்குக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டன. நீட்டிக்க வேண்டுமென்றால் ஐ.நா. பொதுச்செயலாளருக்கு ஓர் அறிவிப்புக் கடிதம் போதும். அது கிடைத்த 90ஆம் நாள் அமலுக்கு வரும். டியாகோ கார்சியாவுக்கு அப்படி ஒரு கடிதம் போகவில்லை என்பதே பிரிட்டனின் நிலைப்பாடு.

இதே பிரிட்டன் இன்னொரு தீவில் இதே மாதிரி வாதாடிப் பார்த்திருக்கிறது. 1998 அக்டோபரில் 75 பேரோடு ஒரு மீன்பிடிப் படகு சைப்ரஸில் பிரிட்டன் தன் கையில் வைத்துக்கொண்ட அக்ரோதிரி ராணுவத் தளத்தின் கரையில் ஒதுங்கியது. அகதிகள் என்று ஏற்கப்பட்டவர்களைக்கூட பிரிட்டனுக்குள் விடவில்லை. சைப்ரஸில் உள்ள இன்னொரு பிரிட்டிஷ் தளமான டெக்கேலியாவில் படையினர் பயன்படுத்திய பழைய வீடுகளில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன; குழந்தைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். 2018 ஜூலையில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், சைப்ரஸ் காலனியாக இருந்தபோதே உடன்படிக்கை அங்கே நீட்டிக்கப்பட்டுவிட்டது, ராணுவத் தளங்களுக்கும் அது தொடர்ந்து பொருந்துகிறது என்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆறு குடும்பங்கள் பிரிட்டனுக்கு வர அரசு ஒத்துக்கொண்டது. இருபது ஆண்டுகள்!

சைப்ரஸ் குடும்பங்களுக்குப் பழைய காலனிக் கடிதம் ஒன்று இருந்தது. டியாகோ கார்சியாவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இரண்டு இடமும் பிரிட்டிஷ் கொடி பறக்கும் ராணுவத் தளம். இரண்டு இடத்திலும் வந்தது மீன்பிடிப் படகு. ஒருவருக்கு அகதி உரிமை உண்டா இல்லையா என்பதை, அவர் எதற்குப் பயந்து ஓடினார் என்பதைவிட அவர் படகு எந்தப் பாறையில் மோதியது என்பது தீர்மானிக்கிறது. பன்னாட்டுப் புகலிட ஏற்பாட்டில் இதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பிரிட்டன் ஒன்றை மட்டும் மறுக்கவில்லை. ஒப்பந்தம் இல்லாமலே, வழக்கத்தால் நாடுகளைக் கட்டுப்படுத்தும் வழக்காற்றுப் பன்னாட்டுச் சட்டத்தின்படி, ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றது. நல்லது. ஆனால் திருப்பி அனுப்பாமல் இருப்பது ஒரு பாதிதான். அப்படியானால் அவர்கள் எங்கே வாழ்வார்கள்? பாதுகாப்புத் தேவை என்று ஏற்கப்பட்டவர்களுக்கு ஒரு 'பாதுகாப்பான மூன்றாம் நாடு' தேடப்படும், பிரிட்டனுக்கு வர முடியாது என்று சொல்லப்பட்டது. அந்த மூன்றாம் நாடு எது என்று யாருக்கும் தெரியாது. எந்த நாட்டுக்கும் அவர்களை ஏற்கும் கடமையும் இல்லை.

அகதிகள் உடன்படிக்கை 'அனுப்பாதே' என்று கறாராகச் சொல்கிறது. 'யார் ஏற்பது' என்ற இடத்தில் வாய் மூடிக்கொள்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2018 டிசம்பரில் அகதிகளுக்கான உலகளாவிய ஒப்பந்தத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது அதன் மையக் கருத்து. பிரிட்டனும் ஆதரித்து வாக்களித்தது. ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. கடலில் மீட்பதற்கான விதிகளும் இதே மாதிரிதான்: ஆபத்தில் இருப்பவரை எந்தக் கப்பலும் காப்பாற்றியாக வேண்டும், பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டும். இறக்கிய பிறகு என்ன என்று கேட்டால் அந்த விதிப்புத்தகம் முடிந்துபோயிருக்கும்.

வேலிக்குள்

அவர்களை வைத்திருந்த இடத்துக்குப் பெயர் தண்டர் கோவ். ராணுவக் கூடாரங்கள், சுற்றி வேலி, தனியார் பாதுகாவலர்கள். எட்டிப் பார்க்கும் தூரத்தில் கடற்கரை. ஆனால் காவலர் துணையில்லாமல் போக முடியாது. கூடாரங்களில் எலித் தொல்லை. மழை பெய்தால் ஒழுகும். 2022இல் மேலும் சில படகுகள் வந்தன. வந்தவர்களில் சிலர் மறுபடி படகேறி பிரெஞ்சு ஆட்சியில் உள்ள ரீயூனியன் தீவுக்குப் போனார்கள்; சிலர் இலங்கைக்கே திரும்பினார்கள். மீதி இருந்தவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். தற்கொலைக்கு முயன்றவர்களும் உண்டு.

தற்கொலைக்கு முயன்றவர்களில் சிலரை 2023இல் சிகிச்சைக்கு ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டுதான், புகலிடம் கேட்பவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் பிரிட்டிஷ் அரசின் திட்டம் நீதிமன்றங்களில் அடிபட்டுக்கொண்டிருந்தது. நவம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், அங்கே போகிறவர்கள் பிறகு தங்கள் சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படும் ஆபத்து இருக்கிறது, ருவாண்டா பாதுகாப்பான நாடு அல்ல என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அன்றைக்கும் டியாகோ கார்சியா நோயாளிகள் ருவாண்டா தலைநகர் கிகாலியில்தான் இருந்தார்கள். சிகிச்சைக்கு அனுப்புவதும் குடியேற அனுப்புவதும் சட்டப்படி வேறுதான், சரி. ஆனால் மனநலச் சிகிச்சை தேவைப்படும் மனிதரை ஓர் அந்நியத் தீவிலிருந்து இன்னோர் அந்நிய நாட்டுக்கு மாற்றிவிட்டு, அடுத்தது எங்கே என்று சொல்லாமல் விடுவது மருத்துவமா என்று கேட்கத் தோன்றுகிறது.

அகதிக் கோரிக்கைகளை விசாரிக்க ஆட்சிப்பகுதியில் எந்த அமைப்பும் இல்லாததால், அதை நிர்வகிக்கும் ஆணையர் பெயரில் அதிகாரிகள் ஒரு நடைமுறையை அவசரமாக உருவாக்கினார்கள். முதல் சுற்று முடிவுகள் வழக்கில் நிற்கவில்லை. மறுபடி முடிவெடுக்க ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2023 நவம்பரில் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தின் குழு முகாமை நேரில் பார்த்தது. அங்கே நடப்பது தான்தோன்றித்தனமான தடுப்புக்காவல் என்பது அதன் கணிப்பு. அந்த அறிக்கைக்கு இருந்த எடை ஒழுக்கம் சார்ந்தது மட்டுமே. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் பொறுப்பு அந்த ஆணையத்துக்கு உண்டு; ஆனால் உடன்படிக்கையே பொருந்தாது என்று ஒரு நாடு சொல்லும் இடத்தில் அது பார்க்கலாம், எழுதலாம், வேண்டிக்கொள்ளலாம்.

சிறை என்ற கேள்வி

வழக்கறிஞர்கள் ஒரு கட்டத்தில் பாதையை மாற்றினார்கள் என்று நினைக்கிறேன். குறைந்தபட்சம் வெளியிலிருந்து பார்க்கையில் அப்படித்தான் தெரிகிறது. அகதியா இல்லையா என்ற நீளமான கேள்விக்குப் பக்கத்தில், மிகப் பழைய, மிக எளிய கேள்வி ஒன்றை வைத்தார்கள்: இவர்களை எந்தச் சட்டத்தின் கீழ் அடைத்துவைத்திருக்கிறீர்கள்? ஆட்சிப்பகுதியில் அகதிகள் உடன்படிக்கை இல்லாமல் போகலாம். ஆங்கிலேயப் பொதுச் சட்டம் உண்டு. காரணமின்றி ஒருவரை அடைத்துவைத்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதற்குப் பன்னாட்டு ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை.

ஆணையர் தரப்பு, இது காவலே அல்ல என்றது. தீவை விட்டுப் போக விரும்பினால் போகலாம், ராணுவத் தளம் என்பதால் நடமாட்டத்துக்கு மட்டும்தான் கட்டுப்பாடு என்றது. சுற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கடல் இருக்கும்போது 'போகலாம்' என்பதற்கு என்ன பொருள் என்று தெரியவில்லை.

வழக்கு அந்த ஆட்சிப்பகுதியின் உச்ச நீதிமன்றத்தில். அந்த நீதிமன்றம் வழக்கமாக உட்காருவது லண்டனில். 2024 ஜூலையில் நீதிபதி மார்கரெட் ஓபி தீவுக்கே வந்து விசாரிப்பதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் அமெரிக்கா அனுமதியை விலக்கிக்கொண்டது. பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லி, அமெரிக்க ராணுவ விமானத்தில் ஏற்றவும் தங்குமிடம் தரவும் முடியாது என்றது. வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் போக வீட்டுக்காரர் குடித்தனக்காரரிடம் கெஞ்சி நிற்கிற கதைதான். தன் ஆட்சிப்பகுதிக்குள் தன் நீதிபதியைக் கொண்டுபோக பிரிட்டனால் முடியவில்லை. பிறகு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்து, செப்டம்பரில் விசாரணை தீவிலேயே நடந்தது. நீதிபதி முகாமை நேரில் பார்த்தார். வழக்குத் தொடர்ந்தவர்கள் தங்கள் வாயால் சாட்சி சொன்னார்கள்.

என் பார்வையில் இந்த நிகழ்வின் திருப்புமுனை அந்த நேர்ப் பார்வைதான். லண்டனில் உட்கார்ந்து 'நடமாட்டக் கட்டுப்பாடு' என்று மனுவில் படிப்பது வேறு, வேலிக்குப் பக்கத்தில் நிற்பது வேறு. அமெரிக்கா அதைத் தடுக்கப் பார்த்ததற்கு உள்நோக்கம் இருந்ததா என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மாதிரி தூரத்து முகாம்கள் எல்லாவற்றுக்கும், ஆஸ்திரேலியா புகலிடம் கேட்டவர்களை அனுப்பிவைத்த நவ்ரு ஆகட்டும் மானுஸ் ஆகட்டும், பொதுவான பலம் ஒன்றே: யாரும் எளிதில் வந்து பார்க்க முடியாது.

2024 டிசம்பர் 16 அன்று தீர்ப்பு வந்தது. மூன்று ஆண்டுகளாக அவர்களை வைத்திருந்தது சட்டவிரோதத் தடுப்புக்காவல். சிறையில் இருப்பதாக அவர்கள் உணர்வதில் வியப்பில்லை, பெயர்தான் சிறை என்று இல்லையே தவிர அது சிறையேதான் என்று நீதிபதி எழுதினார்.

விமானம்

தீர்ப்பு வந்தபோது முகாமில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பிரிட்டனில் இருந்தார்கள். இதற்குக் காரணம் மொரீஷியஸ். 2024 அக்டோபர் 3 அன்று, அதாவது படகு வந்த அதே தேதியில் மூன்று ஆண்டு கழித்து, சாகோஸ் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு விட்டுக்கொடுக்கப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. இன்னொரு நாட்டிடம் ஒப்படைக்கப்போகிற இடத்தில், எங்கும் அனுப்ப முடியாத அறுபது சொச்சம் பேரை என்ன செய்வது? முதலில் ருமேனியாவை நீட்டினார்கள். அங்கே அகதிகளுக்கான இடைத்தங்கல் மையம் ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் அங்கே இருந்தால் பிறகு பார்க்கலாம் என்றார்கள். இல்லையென்றால் பணம் வாங்கிக்கொண்டு இலங்கைக்குத் திரும்பலாம். நவம்பர் தொடக்கத்தில் அதையும் மாற்றி, பெரும்பாலோரை நேரடியாக பிரிட்டனுக்கே அழைத்துக்கொள்வதாக அறிவித்தார்கள். டிசம்பர் 2 அன்று 47 பேரோடு விமானம் தரையிறங்கியது.

மூன்று ஆண்டுகள் ஆகவே ஆகாது என்ற விஷயம் இரண்டே மாதத்தில் எப்படி ஆனது? நீதிமன்றத்தின் முடிவு எந்தப் பக்கம் போகும் என்பதை அரசு ஊகித்திருக்கும். தீவைக் கைமாற்றும் பேச்சில் இந்த முகாம் ஒரு தொந்தரவாகவும் இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்து தள்ளியிருக்கின்றன. இவர்கள் அகதிகள் என்பதால் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. இது தனித்த சூழல், முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்பதில் அரசு கவனமாக இருந்தது. கொடுத்தது ஆறு மாதம் தங்கும் அனுமதி. நிரந்தரமாக இருக்க வேண்டுமானால் புகலிடக் கோரிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். குற்றத் தண்டனையோ வழக்கோ இருந்த சிலர் அந்த விமானத்தில் சேர்க்கப்படவில்லை.

அடுத்த படகு வந்தால்?

அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதே 2024 அக்டோபரில் செயிண்ட் ஹெலினாவோடு ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. மொரீஷியஸ் பொறுப்பேற்கும் வரை, டியாகோ கார்சியாவுக்குப் புதிதாக யாராவது வந்தால் தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள அந்தத் தீவுக்கு அனுப்பப்படுவார்கள். அதற்காக பிரிட்டன் தருவது 66.5 லட்சம் பவுண்டு. செயிண்ட் ஹெலினாவின் மக்கள்தொகை சுமார் 4,400. நெப்போலியனை வைத்த தீவு. பிறகு ஜூலூ அரசர் தினுஜூலுவையும் போயர் போர்க் கைதிகளையும் வைத்த தீவு. வேண்டாதவர்களை எங்கே வைப்பது என்று லண்டன் யோசிக்கும்போது இரண்டு நூற்றாண்டாக அந்தத் தீவு நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இறையாண்மை மொரீஷியஸுக்கு, டியாகோ கார்சியா தளம் 99 ஆண்டு குத்தகையில் பிரிட்டனிடம், சராசரியாக ஆண்டுக்கு 10.1 கோடி பவுண்டு குத்தகைப் பணம். அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் நாளில் தீவில் வந்து ஒதுங்குகிறவர்கள் மொரீஷியஸின் பொறுப்பாகிவிடுவார்கள். மொரீஷியஸ் அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு.